ஷேப்பரின் தேயாத இரண்டு அங்குலம்

வீட்டுப் பட்டறையில் லேத்துக்கு அடுத்து எந்த இயந்திரம் வர வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் மில்லிங் மெஷினைச் சொல்வார்கள். நான் உலோகத்தை நேர்கோட்டில் சீவும் ஷேப்பரைச் சொல்வேன். மில்லிங் மெஷினை வாங்குவதோடு செலவு நிற்பதில்லை. கட்டர், கொலெட், ஆர்பர் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும், கட்டர் மழுங்கினால் தீட்டித் தரத் தெரிந்த ஆளையும் தேட வேண்டும். ஷேப்பருக்குத் தேவைப்படுவது பத்து மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு ஹைஸ்பீடு ஸ்டீல் பிட் மட்டுமே. அதைச் சாணைக் கல்லில் நாமே வேண்டிய வடிவில் தீட்டிக்கொள்ளலாம். தட்டையான முகம், வி-வடிவக் காடி, டவ்டெயில் எனப்படும் புறாவால் காடி, புல்லியின் உள்ளே சாவி உட்காரும் கீவே ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரு பிட்டே வெட்டித் தந்துவிடும். வேகம் குறைவு என்பது உற்பத்திக் கூடத்துக்குத்தான் குறை. ஒரே ஒரு துண்டைச் செய்து முடிக்க விரும்பும் வீட்டுப் பட்டறைக்காரருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

ஜேம்ஸ் நாஸ்மித் 1836-இல் உருவாக்கிய இயந்திரம் இது. மேலே ராம் எனப்படும் கனமான வார்ப்பிரும்புத் தண்டு முன்னும் பின்னும் ஓடும். அதன் நெற்றியில் பிட் இருக்கும். முன்னால் போகும்போது வெட்டும், திரும்பும்போது சும்மா வரும். சும்மா வரும் நேரத்தைச் சுருக்குவதற்காக உள்ளே ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. புல் கியர் என்ற பெரிய பற்சக்கரத்தில் ஒரு கிராங்க் பின் பொருத்தப்பட்டிருக்கும். அந்தப் பின்னில் உள்ள சதுரக் கட்டை, அடியில் கீல் வைத்த ராக்கர் ஆர்மின் நீண்ட காடிக்குள் வழுக்கிக்கொண்டு அதை ஆட்டும். சக்கரம் ஒரே சீராகச் சுற்றினாலும், 216 பாகை சுற்றும்போது ராம் முன்னே போய், மீதி 144 பாகையில் பின்னே வந்துவிடும். அதாவது வெட்டுக்கு மூன்று பங்கு நேரம், திரும்புவதற்கு இரண்டு பங்கு. இந்த விகிதம் மாறாத ஒன்றல்ல. ராம் ஓடும் தூரமான வீச்சைக் குறைக்கக் குறைக்கக் கிராங்க் பின் மையத்தை நெருங்கும், அப்போது போவதும் வருவதும் ஏறக்குறைய சமமாகிவிடும். பாடப் புத்தகத்தில் ஒற்றை வரியாகப் படித்த இந்தச் செய்தியை, பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபோதுதான் நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

என்னிடம் இருப்பது 12 அங்குல வீச்சுள்ள ஷேப்பர். கோவையில் மூடப்பட்ட ஒரு நூற்பாலையின் பராமரிப்பு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. ஊரார் ஸ்டேன்ஸ் மில் என்று அழைத்த ஆலை இங்கே 1888-இல் தொடங்கியது; 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்து சேர்ந்த பிறகு ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஓல்ட்ஹாமின் பிளாட் பிரதர்ஸ் போன்ற நிறுவனங்களின் ஸ்பின்னிங் பிரேம்கள் கடல் தாண்டி வந்திருந்தன. அவற்றில் ஒரு பல் உடைந்தாலும் கப்பலுக்காகக் காத்திருக்க முடியாது என்பதால் மில்லுக்குள்ளேயே லேத், ஷேப்பர், டிரில்லிங் மெஷின், கொல்லுலை கொண்ட ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார்கள். கோவையின் பம்பு, கிரைண்டர், வார்ப்படத் தொழில்களுக்குத் தேவைப்பட்ட கைகளில் பல அந்த ஒர்க்‌ஷாப்புகளில் பழகியவை. மில் மூடும்போது ஸ்பின்னிங் பிரேம்களைக் கேட்டு வேறு ஊரிலிருந்து ஆள் வருவதுண்டு. ஷேப்பரைக் கேட்டு யாரும் வருவதில்லை. அது உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போகும். வார்ப்பிரும்பைச் சம்மட்டியால் உடைத்து ஃபவுண்டரிக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பார்த்த அன்று வேலைத்துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இந்த ஷேப்பரிலிருந்து ஏற்கெனவே தனியாகப் போயிருந்தது. கடைக்காரர் எடைக்கு எடை விலை வாங்கிக்கொண்டு மீதியை உடைக்காமல் தந்தார்.

எடை அரை டன்னுக்குச் சற்று மேல். குட்டி யானையில் ஏற்றலாம், ஆனால் ஷேப்பரின் கனமெல்லாம் மேலே இருக்கிறது. ராம் முன்னே நீண்டிருந்தால் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். வேலைத்துண்டைத் தாங்கும் மேசையை அடிமட்டம் வரை இறக்கி, ராமை நடுவில் கொண்டுவந்து இறுக்கிய பிறகுதான் செயின் பிளாக்கைத் தொட வேண்டும். கயிற்றை ராமைச் சுற்றிப் போடவே கூடாது. இறக்கியபின் கடப்பாரையும் நான்கு இரும்புக் குழாய்களும் இருந்தால் இரண்டு பேர் சிமென்ட் தரையில் அதை வேண்டிய இடத்துக்கு உருட்டிவிடலாம்.

பிரிக்கத் தொடங்கியதும் முதலில் வெளிப்பட்டது பஞ்சுதான். பல பத்தாண்டுகளாகக் காற்றில் மிதந்த பஞ்சுத் தூசு எண்ணெயோடு கலந்து, புல் கியரின் பற்களுக்கிடையிலும் எண்ணெய்த் துளைகளிலும் கம்பளி போலத் திரண்டு இறுகியிருந்தது. டீசலில் ஊறவைத்தும் கரையவில்லை. கம்பியால் குத்திச் சுருள் சுருளாக இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. ராக்கர் ஆர்மின் அடிக்கீலுக்குப் போகும் எண்ணெய்த் துளை முழுவதுமாக அடைபட்டிருந்தது. அந்தக் கீலில் எண்ணெயின் தடமே இல்லை, கன்மெட்டல் புஷ் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. இயந்திரத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் துருவைப் பற்றித்தான் பேசினார்கள். துரு மேற்பரப்பில் மட்டும் இருந்தது. அதை உண்மையில் தின்றது இந்தப் பஞ்சு.

பழைய இயந்திரங்களைப் பிரிப்பவர்களுக்கு ஒரு சொல்: டேப்பர் பின்னை அடிப்பதற்கு முன் எந்த முனை சிறியது என்று அளந்து பாருங்கள். அங்குல அளவில் 48-க்கு 1, மெட்ரிக்கில் 50-க்கு 1 என்ற மெல்லிய சரிவு அது. கண்ணுக்குத் தெரியாது, வெர்னியரில் தெரியும். பெயின்ட் மூடியிருந்தால் அதைச் சுரண்டிவிட்டு இரண்டு முனைகளையும் அளந்து, சிறிய முனையிலிருந்து பித்தளைத் தண்டு வைத்து ஒரே உறுதியான அடியாக அடித்தால் பின் வெளியே குதிக்கும். எதிர்ப் பக்கத்திலிருந்து அடித்தால் அது இன்னும் இறுகி, முனை மலர்ந்து, கடைசியில் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டி வரும்.

சிறிய பாகங்களின் துருவுக்கு மின்பகுப்பே போதும். சலவை சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பாட்டரி சார்ஜர், பலியிட ஒரு பழைய இரும்புத் தகடு. பாகத்துக்கு எதிர்முனை, தகட்டுக்கு நேர்முனை. நல்ல உலோகத்தை இது தொடாது. எழுத்துப் பொறிப்புகளும் டயலின் கோடுகளும் அப்படியே மிஞ்சும். தகட்டுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பயன்படுத்தக் கூடாது, நச்சான குரோமியச் சேர்மம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

இதெல்லாம் சுத்தம் செய்தல். மீட்டெடுத்தல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்தக் கட்டுரையை நான் எழுத முனைந்ததும் அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான். பளபளவென்று பெயின்ட் அடித்த பழைய இயந்திரங்களின் படங்களை நிறையப் பார்க்கிறோம். அவற்றில் எத்தனை நேராக வெட்டும் என்று படத்திலிருந்து தெரியாது. இயந்திரம் என்பது அதன் முகங்களுக்கிடையே உள்ள உறவு. ராம் ஓடும் பாதை நேராக இருக்க வேண்டும். அந்தப் பாதை, காலம் (column) எனப்படும் உடற்பகுதியின் செங்குத்து முகத்துக்குச் சரியாகச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். மேசை குறுக்கே நகரும் திசை இவ்விரண்டோடும் ஒத்துப்போக வேண்டும். தேய்மானம் இந்த உறவைத்தான் கலைக்கிறது. தேய்ந்த முகத்தை அளக்கத் தேயாத முகம் ஒன்று வேண்டும், அதை எங்கே தேடுவது?

ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர் ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். பிரித்துப் போட்டிருந்த பாகங்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, அந்தப் பெயின்ட் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. இதுல எந்த முகம் தேயாம இருக்குதுன்னு முதல்ல பாருங்க. அதுதானுங்க உங்களுக்குச் சாட்சி" என்றார். பிறகு ராமைத் திருப்பிப் போடச் சொல்லி, அதன் இரு கோடிகளையும் துணியால் துடைத்துக் காட்டினார். ஷேப்பரில் ராம், அது ஓடும் பாதையைவிட நீளமானது. மில்லில் பெரும்பாலும் சிறு கியர், புல்லி, சாவி வேலைகளே நடந்ததால் வீச்சு சிறியதாகவே இருந்திருக்கிறது. ஆகவே ராமின் முன்கோடியிலும் பின்கோடியிலும் சுமார் இரண்டு அங்குல நீளம் பாதைக்குள் நுழைந்ததே இல்லை. அந்த இடத்தில், இயந்திரத்தைச் செய்தவர் ஸ்க்ரேப்பரால் சுரண்டிய பிறை வடிவக் கீற்றுகள் நேற்றுச் செய்தவை போல ஒளிர்ந்தன. அங்கிருந்து உள்ளே வர வர அவை மங்கி, நடுப்பகுதியில் முகம் கண்ணாடி போல வழுவழுப்பாகிக் கிடந்தது. அறியாதவர் அந்த வழுவழுப்பைத்தான் நல்ல முகம் என்று நினைப்பார்.

இரண்டு கோடிகளுக்கும் மேலாக ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, நடுவில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தபோது 0.12 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. அதே தர்க்கத்தால், காலத்தின் (column) செங்குத்து முகத்தில், மேசையைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் ரெயில் இறங்கவே வாய்ப்பில்லாத கீழ்ப்பகுதியும், கிராஸ் ரெயிலில் மேசை எட்டாத இரு ஓரங்களும் பழைய அளவைக் காத்து வைத்திருந்தன. இயந்திரம் தன் அசல் அளவைத் தன் உடம்பிலேயே மூலைகளில் எழுதி வைத்திருக்கிறது. அந்த மூலைகளை மணல்தாளாலோ கிரைண்டராலோ தேய்த்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. துருவெடுக்கிறேன் என்று சறுக்கு முகங்களில் எமரி ஓட்டுபவர்களை நான் தடுப்பது இதனால்தான்.

அடுத்தது சுரண்டும் வேலை. சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு டூல்ரூமில் ராமின் நீளத்துக்குப் போதுமான சர்ஃபேஸ் பிளேட் என்ற துல்லியமான சமதளத் தகட்டைப் பயன்படுத்த அனுமதித்தார்கள். பிளேட்டில் நீல மையை மெல்லியதாகத் தடவி ராமை அதன்மேல் வைத்து நகர்த்தினால், உயர்ந்த இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை கார்பைடு முனை ஸ்க்ரேப்பரால் சுரண்ட வேண்டும். ஒரு சுற்றில் போவது சில மைக்ரான்கள் மட்டுமே. மறுபடி மை, மறுபடி சுரண்டல், ஒவ்வொரு சுற்றுக்கும் திசையை மாற்றிக் குறுக்காக. முதலில் இரு கோடிகளில் மட்டும் நீலம் படும், பிறகு அது உள்நோக்கி நகரும், கடைசியில் முகம் முழுவதும் புள்ளிகளாகப் பரவும். ஒரு சதுர அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் வந்தால் சறுக்கு முகத்துக்குப் போதும். புள்ளிகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய பள்ளங்களில்தான் எண்ணெய் தங்கும், ஆகவே கண்ணாடி போன்ற முகத்தைவிட இது நல்லது.

ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் படித்த கட்டுரையில் இதைத்தான் வலியுறுத்தினார். எமரி போட்டு இரண்டு முகங்களைத் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று பொருந்தும், ஆனால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் பொருந்தக்கூடும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டுச் சுரண்டினால் மூன்றும் தட்டையாவதைத் தவிர வேறு வழியில்லை. வேறு அளவுகோல் எதுவும் இல்லாமல், மூன்று இரும்புத் துண்டுகளிலிருந்து உண்மையான சமதளத்தைப் பிறப்பிக்கும் இந்த வழியை மனிதன் கண்டுபிடித்த மிக நேர்மையான விஷயங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

ராம் சரியான பிறகு அதையே அளவுகோலாக வைத்துக் காலத்தின் (column) பாதைகளைச் சுரண்ட வேண்டும். இங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும். நீலம் நன்றாகப் பட்டாலும் பாதை முழுவதுமாக முன்னே சாய்ந்துவிட வாய்ப்பிருக்கிறது, ஏனென்றால் ஷேப்பரில் முன்பக்கமே அதிகம் தேயும். வெட்டின் விசை ராமின் மூக்கை மேலே தூக்கப் பார்க்கும், சீவல் தூளும் அங்கேதான் உள்ளே போகும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் ராமில், நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜைக் கட்டி, செங்குத்து முகத்தின் தேயாத கீழ்ப்பகுதியில் நிறுத்திய மூலைமட்டத்தின்மேல் ஓட்டிப் பார்த்தே முன்னேறினேன். ஃபிட்டர் வந்து புள்ளிகளைப் பார்ப்பார். பேசாமல் ஸ்க்ரேப்பரை வாங்கி, இடுப்பால் தள்ளி நாலு கீற்றுப் போட்டுக் காட்டிவிட்டுத் தருவார். மணிக்கட்டால் அல்ல, உடம்பால் சுரண்ட வேண்டும் என்பதைச் சொற்களால் அவர் ஒருபோதும் சொல்லவில்லை.

கன்மெட்டல் புஷ்களைக் கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். காடிக்குள் ஓடும் சதுரக் கட்டையும் புதிதானது. அது தேய்ந்திருந்தால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் டக்கென்று ஒரு தட்டு கேட்கும், அந்தத் தட்டு வெட்டிய முகத்தில் கோடாக விழும். அதைவிட நுட்பமானது கிளாப்பர் பாக்ஸ். ராம் திரும்பும்போது பிட் வேலைத்துண்டை உரசாமல் தூக்கிக்கொள்ளும் கீல் அது. கையால் தூக்கிவிட்டால் தன் எடையிலேயே தடையின்றி விழ வேண்டும். அதே சமயம் பக்கவாட்டில் துளியும் ஆடக் கூடாது. இவ்விரண்டையும் சேர்த்துப் பெற டேப்பர் ரீமரால் துளையைச் சீராக்கிப் புதிய பின் போட்டேன். மேசையை ஒரே திசையில் நகர்த்தும் ராச்செட்டைச் சேர்க்கும்போது, நகர்வு ராம் திரும்பும் நேரத்தில்தான் நிகழ வேண்டும் என்பதைக் கவனித்து வைக்க வேண்டும். வெட்டும்போது மேசை நகர்ந்தால் ராச்செட்டும் திருகும் பிட்டின் விசையை எதிர்த்துத் திணறும்.

மோட்டார் ஒன்றரை குதிரைத்திறன், மும்முனை மின்சாரத்துக்கானது. எங்கள் வீட்டில் இருப்பதோ ஒருமுனை இணைப்பு. ஒருமுனை 230 வோல்ட்டை வாங்கி மும்முனை 230 வோல்ட்டாகத் தரும் வி.எஃப்.டி. இதற்குத் தீர்வு. ஆனால் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டிய மோட்டாரை அப்படியே இணைத்தால் வலு இருக்காது. ஸ்டாரில் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது சுமார் 240 வோல்ட்தான் என்பதால், ஆறு முனைகளும் வெளியே வந்திருக்கும் மோட்டாரில் பட்டைகளை மாற்றி டெல்டாவாக இணைத்துவிட்டால் அது 230 வோல்ட்டிலேயே முழு வலுவோடு ஓடும். இணைக்கும் முன் மெக்கரால் இன்சுலேஷனைச் சோதிப்பது கட்டாயம். நெடுங்காலம் ஈரத்தில் கிடந்த சுருள் அது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் வி.எஃப்.டி.யின் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் சில நிமிடங்கள் நிற்கும், உடனே மூடியைத் திறக்கக் கூடாது.

வீட்டில் வைப்பவர்கள் ராமின் பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். முன்னே போவது போலவே பின்னேயும் அது ஓர் அடி நீண்டு வரும். சுவருக்கும் அதற்கும் நடுவே ஆள் நிற்கும் அளவு இடம் விட்டால் அதுவே பொறியாகிவிடும். பின்பக்கத்தைக் கம்பி வலையால் முழுவதும் அடைத்திருக்கிறேன், குழந்தைகள் உள்ள வீடு இது. முன்னால் தெறிக்கும் சூடான சீவலுக்கும் ஒரு வலை. வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டு பட்டறைக்குள் வர யாருக்கும் அனுமதியில்லை.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டினேன். மேலே பச்சை, அடியில் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலையே திரும்ப அடித்தேன்.

ஷேப்பருக்கு மட்டும் உரிய ஒரு பேறு கடைசியில் வந்தது. மேசையின் மேல்முகம் முழுக்க டிரில் பதிந்த குழிகளும் ஹாக்ஸா கீறல்களுமாக இருந்தது. ஆழமான குழிகளில் மரை வெட்டி, வார்ப்பிரும்பிலேயே திருகிய அடைப்புகளை இறுக்கிவிட்டு, மேசையை அதன் சொந்தப் பிட்டுக்குக் கீழே கொண்டுவந்தேன். ராம் ஓடும் நேர்கோடும் கிராஸ் ரெயிலின் நேர்கோடும் சரியாக இருந்தால், அவற்றால் சீவப்பட்ட முகம் அவற்றுக்கு இணையாக இருந்தே தீரும். அவை தவறாக இருந்தால் அந்தத் தவறும் மேசையில் பதிந்துவிடும். வீச்சு 200 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 50 வீச்சுகள். முன்பு சொன்ன மூன்றுக்கு இரண்டு விகிதத்தையே வைத்துக் கணக்கிட்டால், ஒரு வீச்சுக்கான 1.2 வினாடியில் 0.72 வினாடி வெட்டுக்கு என்பதால் வெட்டு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 16.7 மீட்டர், வார்ப்பிரும்புக்கு ஏற்ற வேகம். கறுத்த தோல் உரிந்து வெள்ளிச் சாம்பலான உலோகம் வரிவரியாக வெளிப்பட்டது, அடைப்புகள் இருந்த இடங்கள் மெல்லிய வட்டங்களாக மட்டும் தெரிந்தன. டயல் கேஜை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஓட்டியபோது முள் 0.02 மில்லிமீட்டருக்குள் நின்றது. ஃபிட்டரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் மேசையைத் தடவிப் பார்த்து, "இனி வைஸை வாங்குங்க" என்றார்.

வைஸ் வந்து, அதன் தாடைகளையும் இதிலேயே சீவியாகிவிட்டது. லேத்தின் காம்பவுண்ட் ரெஸ்டுக்குச் சறுக்கு இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையான ஜிப் ஒன்று புதிதாக, பக்கத்து வீட்டு வெட் கிரைண்டர் புல்லிக்குக் கீவே என்று சிறு வேலைகள் நடக்கின்றன. மிச்சமிருப்பது கிராஸ் ரெயில் திருகாணியின் நட். அதன் மரை பாதி தேய்ந்து, கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று வெறுமனே ஓடுகிறது. ராச்செட் ஒரே திசையில் தள்ளுவதால் இப்போதைக்கு வெட்டைக் கெடுக்கவில்லை. புதிய நட்டுக்கான கன்மெட்டல் துண்டின் ஆறு முகங்களையும் ஷேப்பரிலேயே சீவி வைத்திருக்கிறேன். உள்மரையை லேத்தில் எடுக்க வேண்டும். அது இடதுகை மரை என்பதால் அதற்குத் தனியாக ஒரு டூல் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.